வளையத்துக்குப் போட்ட சட்டை

அந்தக் காலத்தில் ஊர்வன, நடப்பன எல்லாம் வாய் திறந்து பேசும். வாயை மூடத்தான் ஒன்றுக்கும் தெரியாது. அப்போது பூத்தையல்காரி வஞ்சிக்கொடி, தன் தங்கையின் கல்யாணப் பட்டில் மயில் தைத்துக்கொண்டிருந்தாள். விடிந்தால் முகூர்த்தம்.

ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருந்தும் இரண்டு மூங்கில் வளையங்களுக்கு நடுவே துணி விறைப்பாக நின்றால்தான் தையல் நேராக விழும். மூங்கிலோ வழவழப்பு, பட்டு அதைவிட வழவழப்பு. நாலு குத்துக்கு ஒருமுறை துணி நழுவியது. மயிலின் கழுத்து கோணிக் கொக்கு மாதிரி ஆகிவிட்டது! வஞ்சிக்கொடிக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு பச்சைப்பாம்பு உள்ளே பாய்ந்தது.

"அக்கா, கீரி துரத்துது! உன் உள்வளையத்தைச் சுற்றிக்கிறேன், மேலே பட்டைப் போட்டு மூடிடு. உன் துணியும் நழுவாது, என் உயிரும் போகாது."

"கடிக்க மாட்டியே?"

"நீ குத்தாம இரு, அது போதும்."

பாம்பு சரிவாக, இடைவெளி விடாமல் சுற்றிக்கொண்டது. அவள் பட்டை விரித்து, வெளிவளையத்தை அழுத்தினாள். அடேயப்பா, துணி இம்மியும் அசையவில்லை!

கீரி வந்துவிட்டது. பானையைக் கவிழ்த்தது, கூடையைக் கொட்டியது. கடைசியில் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தது.

"வாசனை இங்கேதான் அடிக்குது."

அவள் கீரியைப் பார்த்துக்கொண்டே தைத்தாள். தோகையின் ஓரத்தில் இறங்கிய ஊசி பாம்பின் மேல் பட்டுவிட்டது. பட்டுக்கு அடியில் ஒரு துடிப்பு. பாம்பு மூச்சுக்கூட விடவில்லை. ஐயோ, குத்திட்டேனே என்று அவள் கை ஒரு நொடி நின்றது.

"வளையம் ஏன் இப்படிப் பருத்திருக்கு?" என்றது கீரி.

அவள் வளையத்தை மடியோடு அணைத்துக்கொண்டாள். "வெறும் மூங்கில் வழுக்குது. அதான்... சட்டை போட்டிருக்கேன்."

"வளையத்துக்குச் சட்டையா!" கீரி சிரித்தது. ஆனால் நகரவில்லை. "தைத்து முடி. கழற்றிக் காட்டு. பார்த்துட்டுப் போறேன்."

அவள் தைத்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் தைத்தாள். எத்தனை நேரம்தான் தைப்பாள்? நூல் தீர்ந்தது.

அடியில் பாம்புக்கு, சட்டை என்று அவள் சொன்ன அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. வாயை மூங்கிலில் தேய்த்துத் தோலைக் கிழித்தது. அசைவு தெரிந்ததும், அவள் வெளிவளையத்தை மயிரிழை தளர்த்தினாள். பாம்பு தன் தோலைவிட்டுத் தானே நழுவி, அவள் மடிக்குள் இறங்கியது. வயிற்றில் சில்லென்று பட்டது. அவள் அசையவில்லை.

வளையத்தைக் கழற்றியதும் கீரி ஒரே பாய்ச்சலாகக் கவ்வியது. சரசரவென்று வெறும் கூடுதான் வாயில் வந்தது.

"தூ! சட்டையேதான்!" துப்பிவிட்டு, வெட்கத்தோடு வெளியே போனது.

வஞ்சிக்கொடி மடியைப் பிரித்தாள். பாம்பு புத்தம்புதுப் பச்சையில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"என் வாயில் வந்த பொய்யை மெய்யாக்கிட்டியேடா!" என்று அழுதாள்.

கல்யாணம் முடிந்ததும், கீரி குதறிய பாம்புத் தோலுக்குப் பதிலாகப் பழைய பருத்தித் துணியைக் கிழித்து, பாம்பு சுற்றிய மாதிரியே உள்வளையத்தில் இறுக்கிச் சுற்றி, நுனியைத் தைத்தாள்.

அன்று முதல்தான் பாம்பு உரிப்பதைச் சட்டை என்கிறோம், பூத்தையல்காரர்களும் உள்வளையத்துக்குத் துணி சுற்றுகிறார்கள். அந்தத் துணியில் ஊசி தவறிப் பட்டால், "ஐயோ, குத்திட்டேனா!" என்று இன்றைக்கும் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது.