ஆலமரத்து மைனா

இரண்டு மலைகளுக்கு நடுவே பள்ளமாகக் கிடந்த ஒரு காட்டில், யானை ஒன்று அரசாண்டு வந்தது. வெளியே நடப்பதைப் பறவைகள் வந்து சொன்னால்தான் அங்கிருந்த விலங்குகளுக்குத் தெரியும்.

மலைக்கு அப்பால் ஒரு பெரிய ஆலமரம் இருந்தது. எத்தனையோ பறவைகள் அதில் குடியிருந்தன. அவற்றில் இரண்டு காக்கைகள் பொல்லாதவை.

"அடுத்த மலையில் நாவல்பழம் கொட்டிக் கிடக்கிறது, ஓடுங்கள்!" என்று அவை தினமும் வந்து கத்தும். விலங்குகள் ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அதற்குள் இங்கே இருந்த தீனியைக் காக்கைகள் தின்று தீர்த்திருக்கும்.

யானை, காட்டு வானத்தைக் காவல்காத்த வல்லூற்றை அழைத்து, "இந்தப் பொய்யர்களை உள்ளே விடாதே" என்றது.

வல்லூற்றுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "அரசே, ஆலமரத்துப் பறவை ஒன்றுகூட இனி இந்த வானத்தில் நுழையாது!" என்று மார்தட்டியது.

தொல்லை விட்டால் போதும் என்று யானையும் இருந்துவிட்டது.

அதே ஆலமரத்தில் ஒரு மைனாவும் இருந்தது. மழைக்காலத்தில் மலைமேல் உள்ள ஏரியைப் பார்த்துவந்து சொல்வது அதன் வழக்கம். அது சொன்னது ஒருநாளும் பொய்த்ததில்லை.

அந்த ஆண்டு மழை கொட்டித் தீர்த்தது. ஏரிக்கரையில் விரிசல் விட்டதைக் கண்ட மைனா, பதறிப் பறந்து வந்தது.

"நில்! எந்த மரம்?" என்று வழிமறித்தது வல்லூறு.

"ஆலமரம். ஏரி உடையப்போகிறது. வழி விடு!"

"காக்கைகளும் இப்படித்தான் கத்தின."

"நான் காக்கை இல்லையே!"

"மரம் அதுதானே?" என்று பாய்ந்து, மைனாவின் இறகுகளைப் பிய்த்து விரட்டியது வல்லூறு.

பக்கத்து மரத்துக் கிளி மெல்லச் சொன்னது: "சுற்றிப் போய், வேறு மரத்தின் பெயரைச் சொல்லேன். விட்டுவிடுவான்."

"என் குஞ்சுகள் பொரித்த மரம் அது. அதை மறைத்தால் நானும் பொய் சொன்னவள்தானே? வானத்தைத்தானே அவன் காக்கிறான்? நான் நடந்து போகிறேன்" என்றது மைனா.

முட்புதர்களுக்குள் புகுந்து, தத்தித் தத்தி, உடம்பெல்லாம் கீறலோடு அது யானையின் முன்னே போய் நின்றது.

"அரசே, நான் ஆலமரத்து மைனா. ஏரி உடைகிறது. எல்லோரும் மேட்டுக்கு ஏறுங்கள்!"

யானை ஒரு கணம் அதை உற்றுப் பார்த்தது. அடுத்த கணம் காடே அதிரப் பிளிறியது. மான்கள் குட்டிகளோடு மலையேறின. பன்றிகளும் நரிகளும் ஏறின. ஆனால், பள்ளத்தின் அடியில் இருந்த முயல்களுக்கு நேரம் போதவில்லை. சில முயல்களை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

வல்லூறு தலைகுனிந்து வந்தது. "அரசே, இனி மைனாவை மட்டும் விட்டுவிடுகிறேன்."

"ஆலமரத்தில் மைனா மட்டுமா இருக்கிறது?" என்றது யானை. "பொய் சொன்ன காக்கைகளைத் தடு. மற்றவர்கள் வரட்டும். அன்றே இதை நான் சொல்லியிருக்க வேண்டும்."

பிறகு மைனாவிடம், "இங்கேயே ஒரு நல்ல மரத்தில் தங்கிவிடு" என்றது.

"எனக்கு மரம் இருக்கிறது, அரசே. நாளைக்கும் அங்கிருந்துதான் வருவேன்" என்றது மைனா. எஞ்சியிருந்த இறகுகளை விரித்து, வல்லூற்றின் தலைக்கு மேலாகவே ஆலமரத்துக்குப் பறந்து சென்றது.

நீதி: ஓரிருவர் செய்த தவறுக்காக எல்லோருக்கும் கதவடைத்தால், பொய்யோடு சேர்ந்து மெய்யும் வெளியே நின்றுவிடும்.