கூடையோடு இறங்கிய பங்கு

கோயம்புத்தூர் பீளமேட்டில், ஒரு மருந்துக்கடையின் மாடியில், அமிர்தவல்லி பங்குச்சந்தைப் பாடம் நடத்திவந்தார். அவருக்கு நாற்பத்திரண்டு வயது. அவரிடம் படிக்க வந்தவர்களில் சென்னியப்பனுக்குத்தான் வயது அதிகம், அறுபத்து மூன்று. பஞ்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

அவர் சேர்ந்த அன்றே அமிர்தவல்லி ஒன்று சொல்லியிருந்தார்: "மூணு வருஷத்து வீட்டுச் செலவை பேங்க்ல போட்டுட்டு, மீதியோட வாங்கண்ணா."

சென்னியப்பன் முணுமுணுத்துக்கொண்டேதான் அப்படிச் செய்தார். போன மாதம் மனைவியின் முழங்கால் ஆபரேஷனுக்கு அந்தப் பணம்தான் கைகொடுத்தது. அதிலிருந்து டீச்சர் பேரைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் தழையும்.

மீதிப் பணத்தில், ஐந்து வருடங்களுக்கு முன்பே, பக்கத்துக் கணபதிப் பகுதியில் இருக்கும் ஒரு பம்ப்செட் கம்பெனியின் பங்குகளை வாங்கி வைத்திருந்தார். அமெரிக்காவில் வட்டியை உயர்த்தினார்கள். ஒன்பதே நாளில் அந்தப் பங்கின் விலையில் மூன்றில் ஒரு பாகம் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே சென்னியப்பன் மாடியேறி வந்துவிட்டார்.

"எல்லாத்தையும் வித்துப்போடறனுங்க டீச்சர். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு விக்கலாம்னு வந்தேன்."

"விக்கலாம். சந்தை திறக்க ஒன்பதேகால் ஆகும். அதுக்குள்ள கம்பெனியை ஒரு எட்டு பார்த்துட்டு வந்துருவோமா?"

இருவரும் டவுன் பஸ் ஏறினார்கள். கம்பெனி வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. எட்டு மணி ஷிப்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நீல மேல்சட்டை போட்ட ஒரு பெண் நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

சென்னியப்பன் கேட்டார்: "உள்ள என்ன வேலைம்மா?"

"மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுத்தறனுங்க. பதினோரு வருஷமாச்சு."

"கம்பெனி எப்படி ஓடுது?"

"டாலர் ஏறுனதுல செம்புக் கம்பி விலை ஏறிப்போச்சுங்க. ஓவர்டைமைக் குறைச்சுட்டாங்க. ஆனா கென்யாவுல நம்ம பம்பு இப்ப மலிவாயிருச்சாம். அங்கிருந்து ஆர்டர் வந்து குவியுது."

"பங்கு விலை விழுந்துபோச்சே, தெரியுமா?"

"எந்தப் பங்குங்க?"

சங்கு ஊதியது. அவள் டம்ளரை வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக உள்ளே போனாள்.

சென்னியப்பன் ரொம்ப நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "வேலை நடந்துக்கிட்டுத்தானுங்க இருக்குது. பின்னே எதுக்கு இந்த விழு விழுந்துச்சு?"

"வித்த வெளிநாட்டுக்காரங்க இந்தக் கம்பெனியைப் பார்த்து விக்கலைண்ணா. இந்தியா, பிரேசில், இந்தோனேசியான்னு ஒரே கூடையில வாங்கி வெச்சிருந்தாங்க. இப்ப அவங்க ஊர்லயே பயமில்லாம நல்ல வட்டி கிடைக்குது. இவ்வளவு தூரம் வந்து எதுக்கு நெஞ்சு படபடக்கணும்? கூடையோட இறக்கி வெச்சுட்டுப் போறாங்க."

"கூடைக்குள்ள நல்ல காயும் கிடக்குமே?"

"கிடக்கும்."

"அநியாயமுங்க இது. கம்பெனியும் ஒரு தப்பும் பண்ணலை, நானும் பண்ணலை. எங்கயோ ஒரு ஊர்ல வட்டியை ஏத்துனா, என் பணம் கரையணுமா?"

அமிர்தவல்லி டீயை ஆற்றினார்.

"சின்னப் பொண்ணை எப்படிப் படிக்க வெச்சீங்க?"

சென்னியப்பன் முகம் மலர்ந்தது. "நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே பங்கு ரெண்டு மடங்கா ஏறுச்சுங்க. பாதியை வித்துக் காலேஜ்ல சேர்த்தேன். இப்ப திருப்பூர்ல பார்மசிஸ்ட். மொதல் சம்பளத்துல எனக்கு மூக்குக்கண்ணாடி வாங்கிக் குடுத்துச்சு."

"அந்த வருஷம் கம்பெனி ரெண்டு மடங்கு பம்பு செஞ்சுச்சா?"

"இல்லீங்க. செய்யற அளவுதான் செஞ்சாங்க."

"அப்புறம் எப்படி ஏறுச்சு?"

"அந்த வருஷம் அமெரிக்காவுல வட்டியே இல்லாத மாதிரிங்க. வெளிநாட்டுப் பணம் கொட்டுச்சு. எதை வாங்கினாலும்..."

அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பங்கு ஏறிய அந்த நாட்களில் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் தன் சாமர்த்தியத்தை அளந்தது நினைவுக்கு வந்தது.

அமிர்தவல்லி மெதுவாகச் சொன்னார்: "அநியாயம்னு அன்னிக்கு நீங்க யாருகிட்டயும் போய்ச் சொல்லலையே, அண்ணா."

ஒன்பதேகால் ஆனது. சந்தை திறந்துவிட்டது; சட்டைப்பையில் இருந்த போனைச் சென்னியப்பன் எடுக்கவில்லை. மகள் கல்லூரிக்குக் கிளம்பிய முதல் நாள் காலை கண்முன் வந்து நின்றது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"எனக்குச் சாமர்த்தியம்னு நெனச்சேனுங்க டீச்சர். அள்ளிக் குடுத்திருக்காங்க, எனக்குத்தான் தெரியலை. பணம் போட்டவங்க மூஞ்சி தெரியாது. வட்டியைக் கொறைச்சவங்களுக்கு நான் ஒருத்தன் இருக்கறதே தெரியாது. கையெடுத்துக் கும்பிடணும் போல இருக்குது. எந்தப் பக்கம் பார்த்துங்க கும்பிடறது?"

அமிர்தவல்லி எழுந்து டீக்குக் காசு கொடுத்தார்.

"உங்க பங்குக்கு உழைக்கற ஒரு மூஞ்சியாவது இங்க தெரியுதேண்ணா. பன்னெண்டரைக்குச் சாப்பாட்டுக்கு விடுவாங்க. காயில் சுத்தற அந்தம்மா பேரென்னன்னு கேட்டுட்டு வாங்க."