மணமக்கள் காலில் விழுந்த தோழர்

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்தேழு. குரு என்ற சொல்லே சீடருக்கு வேப்பங்காய். அதனால் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்.

ஜெபராணி, மில் ஊர் அரசு மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுக்கும் செவிலியர். ஒன்பது வயதிலிருந்து தனக்கே போட்டுக்கொள்பவர். சிங்காரம், நாற்பது ஆண்டுகள் மில் வாசலில் முழங்கிய சங்கத்துக்காரர். முதலாளி வீட்டுக் காப்பியைக்கூடத் தொடாதவர்.

அன்று மதியம் சிங்காரம் முகம் கறுத்து வந்து உட்கார்ந்தார். காரணம் ஊருக்கே தெரியும்.

போன மாதம் ஒரு சுயமரியாதைத் திருமணம். தலைமை அவர்தான். பன்னிரண்டு மணிக்கு விருந்து என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. அச்சில் வந்ததை மதிக்கிற மனிதர். அவருடைய பழைய இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட வேண்டும். பதினொன்றரைக்குப் போட்டுக்கொண்டார். பிறகு "இரண்டே வார்த்தை" என்று மைக்கைப் பிடித்தார். அந்த இரண்டு வார்த்தை ஒரு மணி நேரம் ஓடியது. காலில் விழும் அடிமைப் புத்தியைச் சாடிக்கொண்டிருக்கும்போதே சர்க்கரை இறங்கி, மணமக்கள் காலடியில் குப்புற விழுந்தார்.

சமையல்காரர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பினார். படம் எடுத்தவன் எதிர்க்கட்சிக்காரன். அது இன்னும் செல்போன் செல்போனாகப் போய்க்கொண்டிருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, செத்துப்போன தோழர் மாசானத்தின் மகளுக்குத் திருமணம். மாலை எடுத்துக் கொடுக்க அந்தப் பெண் சிங்காரத்தைத்தான் கேட்டிருந்தாள். சங்கத்து இளைஞர்களோ, "நீங்க முன்வரிசையில உக்காந்தா போதும் அண்ணே" என்று சொல்லிவிட்டார்கள்.

சிங்காரம் இரண்டு விளம்பரக் காகிதங்களை மேசைமேல் போட்டார்.

"இனிமே வேகமா வேலை செய்யிற ஊசிதான்னு டாக்டர் ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லிட்டார். அதுல ரெண்டு இருக்காம். எதுன்னாலும் சரி, சிஸ்டர்கிட்ட கேட்டுக்கங்கன்னார். எது நல்லது?"

"படிச்சீங்களா?"

"மூணு தடவை. நான் நோட்டீஸ் எழுதியே வளந்தவன். ரெண்டு கம்பெனிக்காரனும் தன்னோடதுதான் ஒசத்திங்கறான். எங்க ஊர் ரெண்டு கட்சி மாதிரி."

ஜெபராணி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். சோற்றில் முருங்கைக்கீரைக் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். கையைக் கழுவி வந்து, திரைக்குப் பின்னால் போய் ஊசியைப் போட்டுக்கொண்டு, வந்து உட்கார்ந்து முதல் கவளத்தை எடுத்தார்.

ஆயா எட்டிப்பார்த்தார். "பெரிய டாக்டர் கூப்பிடுறாரும்மா."

"சாப்பிட்டுட்டு வர்றேன்க்கா."

கொஞ்ச நேரத்தில் ஆயா மறுபடியும் வந்தார். "சென்னையில இருந்து அதிகாரி வந்திருக்காங்களாம். எல்லாரும் நிக்கிறாங்க."

"ஊசி போட்டாச்சுன்னு சொல்லுங்க."

ஆயா போய்விட்டார். மேலதிகாரிக்கு இவ்வளவு சின்னப் பதிலை சிங்காரம் நாற்பது ஆண்டில் கேட்டதில்லை. அவர் கொடுத்ததும் இல்லை.

டப்பா காலியாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இப்ப போட்டது இந்த ரெண்டுல எது?"

"இது. போன வருசம் வரைக்கும் அது. மருந்தகத்துல வரத்து நின்னுச்சு, டாக்டர் மாத்தினார். ரெண்டு வாரம் அடிக்கடி சர்க்கரை பாத்துக்கிட்டோம்."

"என்ன வித்தியாசம்?"

"மூடியோட கலர்."

சிங்காரத்துக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வாரமாக ராத்தூக்கம் கெட்டு அவர் எடைபோட்டதெல்லாம் ஒரு மூடிக்குள் அடங்கிப் போயிற்று. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

"அப்ப எனக்கு எது?"

"நம்ம மருந்தகத்துல மாசாமாசம் தவறாம கிடைக்கிறது."

"அரைமணி காத்திருக்க வேண்டாமா?"

"வேண்டாம். இலையில சோறு விழுந்ததைக் கண்ணால பாத்துட்டுப் போடுங்க. போட்டதும் சாப்பிடுங்க. அழைப்பிதழைப் பாத்துப் போடாதீங்க."

"ஞாயித்துக்கிழமை மாலை எடுத்துக் குடுக்கலாமா?"

"தாராளமா குடுங்க. பேசவும் செய்யுங்க. பசி வந்தா இறங்கிடுங்க."

சிங்காரம் எழுந்தார். கதவுவரை போனவர் நின்றார். மேடை ஏறி ஏறிப் பழகிய உடம்பு. அதன் குணம் அவருக்கே தெரியும்.

"சிஸ்டர், ஒண்ணு. சோறு விழுந்தாச்சு. ஊசியும் போட்டாச்சு. அந்த நேரம் பாத்து, தோழர் சிங்காரம் மேடைக்கு வரவும்னு மைக்ல கூப்பிடுறான். என்ன செய்ய?"

"வாயில சோறு இருக்குன்னு சொல்லுங்க."

"நான் சொன்னா எவனும் நம்ப மாட்டானே."

ஜெபராணி டப்பாவை மூடினார்.

"மென்னு காட்டுங்க தோழர்."