அசையாத பொருள்

மெகாபிக்சல் அதிகமுள்ள கேமரா இருட்டில் நன்றாகப் படம் எடுக்கும் என்று மனித குலம் நம்புகிறது. இந்த நம்பிக்கை பிழையானது. சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்ற எண்ணத்தைக் கைவிட மக்களுக்குச் சில நூற்றாண்டுகள் பிடித்தன. இதற்கும் அவ்வளவு காலம் ஆகலாம் என்பதால் இப்போதே சொல்லி வைப்பது நல்லது.

பாளையங்கோட்டையில் எஸ்தர் ரூபவதி இதைச் சனிக்கிழமைதோறும் சொல்லிவந்தார். நூலக மாடியில் அவர் நடத்திய கேமரா வகுப்பில் பதினோரு பேர். எல்லோரும் பணி ஓய்வு பெற்றவர்கள். குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடர்கள் அவரை டீச்சர் என்பார்கள். அவர் சீடர்களை சார் என்பார். இதற்கு மரபில் முன்னுதாரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

எஸ்தரின் தொழில், பழைய கோயில்களின் சுவரோவியங்களைப் படம் எடுப்பது. வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்று அங்கே ஃபிளாஷுக்குத் தடை. இடத்தை அடைக்கும் என்று ஸ்டாண்டுக்கும் தடை. ஆகவே உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன கேமராவை வைத்துக்கொண்டு இருட்டுப் பிரகாரங்களில் அவர் பிழைப்பு நடத்தினார்.

ஒரு சனிக்கிழமை ஆவுடையப்பன் எழுந்து கேட்டார். நில அளவைத் துறையில் முப்பத்துநான்கு வருடம் சங்கிலி பிடித்தவர் அவர். அதுவரை வகுப்பில் வாய் திறந்ததில்லை.

"டீச்சர், இருட்டுல படம் எடுக்கணும். ஃபிளாஷ் கூடாது, சத்தம் கூடாது. சட்டைப் பையில அடங்கணும். எந்த கேமரா வாங்கலாம்?"

"எத எடுக்கப் போறிய, சார்?"

"அசையாத பொருள்."

சென்சார் என்பது நிலம், மெகாபிக்சல் என்பது மனை என்று எஸ்தர் விளக்கினார். ஒரே நிலத்தை அதிக மனைகளாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் விழும் மழை குறையும். அவர் முடிப்பதற்குள் ஆவுடையப்பனுக்குப் புரிந்துவிட்டது. ஒரு கட்டில் போட முடியாத மனைகளையெல்லாம் அவர் அளந்து கொடுத்திருக்கிறார். எண்ணிக்கையைப் பார்க்காமல் பெரிய சென்சாராகப் பாருங்கள் என்றார் எஸ்தர். லென்ஸின் எஃப் எண் இரண்டுக்குள் இருக்கட்டும். எண் சிறுத்தால் வெளிச்சம் நுழையும் துளை பெரிதாகும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதியும் வேண்டும். ஆவுடையப்பன் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு அடிக்கோடு இட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் புதிய கேமராவோடு வந்தார். அதில் ஒரே ஒரு படம். முழுக்கக் கறுப்பு, நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ இழுத்துவிட்டதுபோல ஒரு தீற்றல். பக்கத்து நாற்காலியில் இருந்த முன்னாள் தலைமையாசிரியர் அதை வாங்கிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, பேயப் பிடிச்சிட்டு வந்திருக்கிய. எந்தப் புளியமரம்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆவுடையப்பனும் சிரித்தார். வகுப்பு முடிந்து மற்றவர்கள் டீக்கடைக்கு இறங்கும்வரை எஸ்தர் காத்திருந்தார்.

"அசையாத பொருள்னு சொன்னிய, சார்."

"பெரும்பாலும் அசையாது."

"அதுக்குப் பேர் உண்டா?"

ஆவுடையப்பன் கேமராவை உறையில் போட்டு மூடினார்.

"நவநீதன்," என்றார்.

அவருடைய ஒரே மகன். இருபத்தேழு வயது. பதினான்கு மாதங்களுக்கு முன்பு வேலையை விட்டுவிட்டு ஒரு பையோடு பெங்களூரிலிருந்து வந்தான். ஒருநாள் ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புச் சார்ட் பேப்பரை ஒட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். குளியலறை உள்ளேயே இருந்தது. அம்மா பிரமநாயகி கதவுக்கு வெளியே தட்டை வைத்து, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். தட்டு சில நாள் காலியாக வரும். சில நாள் போனபடியே வரும். அவன் முகத்தை இருவரும் பார்த்து ஐந்து மாதம் ஆகிறது. டாக்டர், அழைத்து வாருங்கள் என்றார். அது நடக்கவில்லை. மெலிந்திருக்கிறானா, தாடி விட்டிருக்கிறானா என்று பிரமநாயகி தினமும் கேட்பார். அதற்குப் பதில் சொல்வதற்காகத்தான் ஆவுடையப்பன் பகல் மூன்று மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, கதவுக்கு மேலிருந்த வென்டிலேட்டர் வழியாகக் கேமராவை நீட்டினார். அவன் அப்போது தூக்கத்தில் புரண்டுகொண்டிருந்தான்.

எஸ்தர், ஆசிரியராக இருந்ததால், பிழையைத் திருத்தினார்.

"அந்த வசதி உங்க கை நடுக்கத்தத்தான் சரி பண்ணும், சார். உள்ள இருக்கவருக்கு அது ஒண்ணும் செய்யாது."

வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவைக் கூட்டி, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்கச் சொன்னார். படம் புள்ளி புள்ளியாக வரும். ஆனால் முகம் தெரியும். ஒன்றை மட்டும் சொல்ல மறந்தார். இருட்டில் ஃபோகஸ் பிடிப்பதற்காக இவ்வகைக் கேமராக்களின் முன்பக்கம் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. அணைத்து வைக்காவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அது ஆரஞ்சு நிறத்தில் எரியும். தன் கேமராவை வாங்கிய அன்றே அதை அணைத்துவிட்டதால், அப்படி ஒன்று உண்டென்பதே எஸ்தருக்கு நினைவில் இல்லை.

இந்த முறை நவநீதன் விழித்திருந்தான். ஆரஞ்சு வெளிச்சம் அவன்மேல் விழுந்தது. மூன்று மாதத்தில் முதல்முறையாக உள்ளேயிருந்து குரல் வந்தது.

"போங்கப்பா."

ஆவுடையப்பன் ஸ்டூலிலிருந்து இறங்கிப் போய் மனைவியிடம் சொன்னார். குரல் சளி பிடித்த மாதிரி இருந்ததா என்று பிரமநாயகி மூன்று தடவை கேட்டார். அன்று தட்டில் இரண்டு அப்பளம் கூடுதலாக வைத்தார். தட்டு போனபடியே வந்தது. மறுநாள் பார்த்தால் வென்டிலேட்டரிலும் கறுப்புப் பேப்பர் ஒட்டியிருந்தது.

படத்தில் முகம் இல்லை. முகத்தை மறைத்து நீட்டிய ஓர் உள்ளங்கை இருந்தது. ரேகைகள் வரை துல்லியம். தொழில்நுட்ப ரீதியில், அந்த வகுப்பில் யாரும் எடுத்த படங்களில் அதுவே சிறந்தது.

எஸ்தர் அதை வெகுநேரம் பார்த்தார். விளக்கைப் பற்றிச் சொல்லாதது தன் தப்பு என்றார். ஆவுடையப்பன் அதைக் காதில் வாங்கவில்லை.

"இதவிட நல்ல கேமரா உண்டா, டீச்சர்?"

அடுத்த சனிக்கிழமை வகுப்பு கிடையாது என்று எஸ்தர் அறிவித்தார். ஆவுடையப்பனை மட்டும் ஊருக்கு வெளியே ஒரு பழைய கோயிலுக்கு அழைத்துப்போனார். உள் பிரகாரத்துக்குள் நுழையும் முன் தன் கேமராவைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். காவலாளி அதைக் கவனித்தார்.

"என்னம்மா, வெறுங்கையோட போறிய. சாமி கும்பிடவா?"

"சார் கும்பிடுவாரு," என்றார் எஸ்தர்.

உள்ளே சுவர் இருப்பதே கையை நீட்டித் தொட்டால்தான் தெரிந்தது. எஸ்தர் தரையில் உட்கார்ந்தார். ஆவுடையப்பனும் உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் கழித்து, இங்கே ஒன்றும் இல்லையே என்றார். பழக்கத்தில் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார், முள் தெரியவில்லை. வௌவால் நாற்றம் மட்டும் இருந்தது. பிறகு ஒரு கோடு தெரிந்தது. அது தண்டை போட்ட ஒரு பாதமாயிற்று. அதற்கு மேலே சேலை மடிப்பு, ஒரு கை, கடைசியாக ஒரு பெண்ணின் முகம்.

"தெரியுதா, சார்?"

"தெரியுது. பாதி மூஞ்சி இல்ல."

"அது போயிட்டு. இனி வராது."

ஆவுடையப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எடுக்க எந்த கேமரா, டீச்சர்?"

"இது தெரிய இருபது நிமிஷம் ஆச்சு. அந்த ரூமுக்குள்ள நீங்க எவ்வளவு நேரம் இருந்திருக்கிய?"

தாலுகாவில் எந்த எல்லைக் கல்லுக்கும் எந்த எல்லைக் கல்லுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டாலும் உடனே சொல்லக்கூடியவர் அவர். இப்போது நேரம் எடுத்துக்கொண்டார்.

"உள்ள போனதில்ல."

"உள்பக்கம் தாழ் போட்டிருக்கா?"

"தெரியாது."

கொஞ்சம் கழித்து ஆவுடையப்பனே கேட்டார்.

"உள்ள போனா அவன் வெளிய வந்துருவானா, டீச்சர்?"

எஸ்தர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"இவ வெளிய வரலயே, சார். நாமதான் உள்ள வந்து உக்காந்திருக்கோம்."

செவ்வாய்க்கிழமை முதல் பிரமநாயகி அந்தக் கதவுக்கு வெளியே இரண்டு தட்டுகள் வைத்தார்.