பயிற்சி இல்லாத சாயங்காலம்

பூங்காவனத்தக்காவிடம் கபடி கற்றவர்களில் ஜெபமணிதான் பெரிய வாய்க்காரி. இப்போது அவளே ஒரு பள்ளியில் பயிற்சியாளர். தலை நரைத்தும் குரல் மட்டும் இறங்கவில்லை.

போட்டிக்கு அணி எடுக்கும் நேரத்தில் அக்காவை மைதானத்துக்குக் கூட்டி வந்தாள்.

“இசக்கின்னு ஒருத்தி, அக்கா. கபடி கபடின்னு பாடிப் போனா பாதியிலயே மூச்ச விட்டுருதா. திறமையும் இல்ல, ஆசையும் இல்ல. நாளைக்கு அவள அணியிலேருந்து தூக்கிரப் போறேன்.”

“திட்டிப் பாத்தியா?”

“திட்டாத நாளே இல்லக்கா.”

அக்கா மைதானத்தில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு, “இன்னைக்குப் பயிற்சி கிடையாதுன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டு வா,” என்றாள்.

ஜெபமணி சொல்லிவிட்டு வந்தாள். இருவரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றார்கள். எதற்கு ஒளிகிறோம் என்று ஜெபமணிக்கு விளங்கவில்லை.

பிள்ளைகள் வீட்டுக்குப் போகவில்லை. பைகளை ஓரமாக எறிந்துவிட்டுத் தாங்களே அணி பிரித்துக்கொண்டார்கள்.

இசக்கி பாடிப் போனாள். ஒரே மூச்சு. ஒருத்தியைத் தொட்டாள். இன்னொருத்தி காலைப் பிடிக்கக் குனிய, அவள் முதுகைத் தாண்டிக் குதித்தாள். பாட்டு நிற்கவேயில்லை. கண்ணெல்லாம் சிரிப்பு.

ஜெபமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. “அப்படிப் போடுடி!” என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

இசக்கியின் பாட்டு சட்டென்று அறுந்தது. யாரும் அவளைப் பிடிக்கக்கூட இல்லை. எல்லாரும் ஓடிவந்து வரிசையில் நின்றார்கள்.

“மன்னிச்சிருங்க மிஸ்,” என்றாள் இசக்கி. “சும்மா வெளையாண்டுட்டோம்.”

ஜெபமணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று இத்தனை நாளும் இந்தப் பிள்ளையைத்தானே குத்திக்காட்டினாள்! இசக்கியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. தொட்டிக்குப் பின்னால் நின்ற அக்காவிடம் திரும்பி வந்தாள். பிள்ளைகள் வரிசை கலையாமல் நின்றார்கள்.

“அக்கா, நான் அவகிட்ட என்ன சொல்லட்டும்?”

“சொன்னதெல்லாம் போதும். எதிர்ப்பக்கம் ஒரு ஆள் குறையுது. கழுத்துல கெடக்குற விசில என்கிட்ட குடு. போயி அந்தப் பிள்ளைங்ககிட்ட கேளு, ஒன்னையும் ஆட்டத்துல சேத்துக்குவாங்களான்னு.”