கரடித் தோலுக்குக் காவல் போன உலகளந்தான் பிள்ளை

ஆனைக்கல் பாளையத்தை ஆண்ட சின்னமல்லைய நாயக்கரின் சபையில் உலகளந்தான் பிள்ளை என்று ஒரு விகடகவி இருந்தார். அவருக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. அப்படி அவரே சொல்லிக்கொள்வார். யானைக்கு வயிற்றுவலியா, அரண்மனைக் கூரை ஒழுகுகிறதா, எதைக் கேட்டாலும், "அது நமக்குக் கைவந்த கலையாச்சே" என்பார். சபையில் அவருக்கு எதிரி என்று யாரும் இல்லை. அவருடைய வாய் ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஒருநாள் நாயக்கர் மலையில் ஒரு கரடியை வேட்டையாடினார். ஆள் உயரக் கரடி. கை வைத்தால் விரல் புதையும் அளவுக்கு மயிர். அதைப் பாடம் பண்ணி, மகள் கல்யாணத்துக்கு வரும் சம்பந்தி அசந்து போகும்படி சபை வாசலில் நிறுத்தவேண்டும் என்று அவருக்கு ஆசை. பாடம் பண்ணுகிறவர் இருந்த பட்டணமோ மூன்று நாள் வண்டிப் பயணம்.

"அதுவரை தோலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"அது நமக்குக் கைவந்த கலையாச்சே, மகாராஜா" என்றார் வேட்டைக்குக் கூடவே வந்திருந்த பிள்ளை. ஒரு முயல் தோலைக்கூடத் தான் தொட்டதில்லை என்பது, சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

நாயக்கர் குதிரையேறி அரண்மனைக்குப் போய்விட்டார். தோலை உரித்துக் கொடுத்த மலைவேடன் மாதன் பிள்ளையிடம் வந்தான்.

"சாமி, ஒட்டியிருக்கிற கொழுப்பை வழிச்சு எடுக்கணும். கல்லுப்பை நுணுக்கிக் காது, உதடு, விரலிடுக்கு எல்லாத்துலயும் தேய்க்கணும். நிழல்ல விரிச்சுக் காத்தாடப் போடணும். ஈரத்தோட சுருட்டிக் கட்டினா மயிர் கழண்டுடும்."

"மகாராஜாவின் கரடியை நார்த்தங்காய் மாதிரி ஊறுகாய் போடச் சொல்றியா? நீ போய்ட்டு வாப்பா."

மாதன் போனதும், பிள்ளை தோலின்மேல் இரண்டு குடுவைப் பன்னீரைத் தெளித்தார். பட்டுத் துணியில் இறுக்கிச் சுருட்டினார். கயிறு போட்டுக் கட்டி வண்டியில் ஏற்றினார். முதல் நாள் வழியெல்லாம் வாசனை. இரண்டாம் நாளும் வாசனைதான், வேறு வாசனை. மூன்றாம் நாள் காலையில் வண்டிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பிள்ளை மூட்டையை அவிழ்த்தார். கரடியை ஆசையாகத் தடவிக் கொடுத்தார். கை நிறைய மயிர் வந்தது. அதை வந்த இடத்திலேயே வைத்து அழுத்திப் பார்த்தார். ஒட்டவில்லை. பக்கத்துக் கிராமத்துக்கு ஓடி உப்பு வாங்கிவந்து, உட்கார்ந்து தேய்த்தார். தேய்க்கும்போது மாதன் சொன்னதை ஒரு தடவை நினைத்துக்கொண்டார், தன்னைப் பத்துத் தடவை திட்டிக்கொண்டார். ஒரு பக்கம் தப்பியது. மறுபக்கம் உள்ளங்கைபோல வழவழவென்று ஆகிவிட்டது.

பாடம் பண்ணுகிறவர் தோலைப் பார்த்தார், பிள்ளையையும் பார்த்தார். "தோலை நான் நிறுத்தித் தருவேன். மயிரை யார் தருவது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் பிள்ளை பொய் தேடினார். கரடிக்கு வயதாகிவிட்டது என்று சொல்லலாம். அம்மை போட்டிருந்தது என்று சொல்லலாம். எதுவும் அவருக்கே பிடிக்கவில்லை.

சபையில் பிள்ளை தோலை விரித்தார். நாயக்கரின் முகம் சிவந்துவிட்டது.

"என்ன ஓய் இது? உண்மையைச் சொல்லும். என்னிடம் கரடி விட்டீரானால் தெரியும் சேதி."

"விடுவதற்கு முழுக் கரடி இல்லையே, மகாராஜா. அரைக் கரடிதான் மிஞ்சியிருக்கிறது. மாதன் சொன்ன வழியைக் கேட்காமல் நானே கெடுத்தேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார். நாயக்கர் சிரிக்கவில்லை.

"சம்பந்தி எதிரில் என் மானம் போகப்போகிறது, உமக்கு விளையாட்டாக இருக்கிறதா? இதில் எத்தனை மயிர் போயிருக்கிறதோ, அத்தனையையும் உம் தலையிலிருந்து எடுத்து ஒட்டுவேன். இல்லாவிட்டால் பாளையத்தை விட்டே போய்விடும்."

பிள்ளை இரண்டு கைகளாலும் தலைப்பாகையைக் கழற்றினார். இருபது வருடமாக அந்தச் சபையில் அதை அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை. உள்ளே ஒரு மயிர் இல்லை. வழுக்கைத் தலை விளக்கு வெளிச்சம் பட்டுப் பளபளத்தது.

"மகாராஜா, இந்தத் தோலையும் பிறந்ததிலிருந்து நான்தான் பராமரித்து வருகிறேன். கரடியை ஒப்படைக்கும் முன்னே இதை ஒருமுறை பார்த்திருக்கலாமே?"

நாயக்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், தோலை மறுபடியும் பட்டணத்துக்கு அனுப்பிப் பாடம் பண்ணி, மயிர் போன பக்கம் சுவரோடு சேரும்படி கரடியை நிறுத்தச் சொன்னார். மாதனை அழைத்துவரச் சொல்லி அவனுக்குப் பொன் கொடுத்தார். பிள்ளைக்கு ஒரு புதுத் தலைப்பாகை கிடைத்தது. கூடவே ஓர் அரசாணையும் பிறந்தது: இனிமேல் இந்தப் பாளையத்தில் மயிருள்ள எதையும் உலகளந்தான் பிள்ளையிடம் ஒப்படைக்கக் கூடாது.