காக்கை கட்டிய பாட்டு

ஒரு காட்டில் புலியும் இருந்தது, யானையும் இருந்தது. அவற்றை விடுங்கள் பிள்ளைகளே! நம் கதை அங்கே ஒரு நாவல் மரத்தில் கூடு கட்டியிருந்த காக்கையின் கதை. அவள் பெயர் கறுப்பாயி.

கறுப்பாயிக்கு நான்கு குஞ்சுகள். கடைக்குட்டியின் பெயர் கடுகு, சரியான நோஞ்சான். இரை கொண்டுவந்தால் மற்ற மூன்றும் அடித்துப் பிடித்துத் தின்னும். கடுகு வாயையே திறக்காது. பெற்ற வயிறு பற்றி எரியாதா? கறுப்பாயி அதற்கென்றே ஒரு பாட்டுக் கட்டினாள்.

"ஆத்தோரம் போனேன், அயிரைமீன் கொண்டாந்தேன்,
ஆவென்று சொல்லடா, ராசா!"

அதைக் கேட்டதும் கடுகு வாயைத் திறந்தது. அன்று முதல் பாட்டோடுதான் சாப்பாடு.

செங்கண்ணன் என்ற குயிலுக்கு அந்தப் பாட்டு பிடித்துப்போனது. "அக்கா, நானும் பாடட்டுமா?" என்று கேட்டான்.

"தாராளமாகப் பாடு. பாட்டு என்ன, தேய்ந்தா போய்விடும்?" என்றாள் கறுப்பாயி.

குயில் பாடியதும் காடே சொக்கிப்போனது. ஆனால் அதே மரத்தில் இருந்த அணிலுக்கு வாய் சும்மா இருக்குமா? "அடேயப்பா! இந்தப் பாட்டையா நீ கொட்டாங்கச்சியைச் சுரண்டுகிற மாதிரி பாடிக்கொண்டிருந்தாய்?" என்று கறுப்பாயியின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டது.

கறுப்பாயிக்கு முகம் சுண்டிப்போனது. மறுநாள் முதல் அவளும் குயில் மாதிரியே குரலை இழுத்து, குழைத்துப் பாடத் தொடங்கினாள்.

கடுகு திருதிருவென்று விழித்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் கூட்டின் ஓரத்தில் சுருண்டு கிடந்தது.

கறுப்பாயி அலறியடித்துக்கொண்டு குயிலிடம் பறந்தாள். "தம்பி, எனக்கு உன்னைப் போல வரவில்லை. நீயே வந்து பாடப்பா! என் பிள்ளை பிழைக்கட்டும்!"

செங்கண்ணன் வந்து உருகி உருகிப் பாடினான். கடுகு அசையவே இல்லை.

"அக்கா, நீ பழையபடி பாடு" என்றான் அவன்.

"அந்தக் கரகரப்பிலா? ஐயோ, அணில் சிரிக்குமே!"

"அணில் கிடக்கிறது, விடு! நான் எங்கே வளர்ந்தேன் என்று மறந்துவிட்டாயா? ஒரு காக்கைக் கூட்டில்தானே! அந்தக் கரகரப்பைக் கேட்டுத்தான் நானும் வாய் திறந்தேன். காட்டுக்கு நான் பாடுகிறேன். பிள்ளைக்கு நீ பாடு."

கறுப்பாயி கண்ணை மூடிக்கொண்டாள். வெட்கத்தை விட்டாள். தன் சொந்தக் குரலில், கரகரவென்று, பாட்டை முழுதாகப் பாடினாள்.

கடுகின் தலை மெல்ல அசைந்தது. பிறகு அந்தச் சின்னஞ்சிறு வாய் 'ஆ' என்று திறந்தது. கறுப்பாயி அழுதுகொண்டே மீனை ஊட்டினாள்.

ஊட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள், பக்கத்துக் கிளையில் செங்கண்ணனும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான்!

"அட, உனக்குமா?" என்று சிரித்தபடி, அவன் வாயிலும் ஒரு மீனைப் போட்டாள் கறுப்பாயி.

நீதி: உன் பாட்டை இன்னொருவர் அழகாகப் பாடினால் மகிழ்ந்துகொள், அதற்காக உன் குரலை விட்டுவிடாதே.